வேகம் எந்த ஊரில் நிற்கும்?

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே சாலை வழியே சுமார் 22 கிலோமீட்டர்தான். இரண்டு ஊரிலும் ரயில் நிலையம் உண்டு. இரண்டையும் நேராகச் சேர்க்கும் பாதை கிடையாது. ரயிலில்தான் போவேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், மேற்கே 38 கிலோமீட்டர் போய் விழுப்புரத்தில் இறங்கி, அங்கிருந்து பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வழியாக இன்னொரு 47 கிலோமீட்டர் கிழக்கே திரும்பி வர வேண்டும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகிற கடலூர், சிதம்பரம் குடும்பங்கள் பேருந்தையே நம்பியிருப்பது இதனால்தான். அதிவேக ரயிலைப் பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, இன்றுவரை போடப்படாத இந்த 22 கிலோமீட்டர்தான்.

பெருநகரங்களை இணைக்கும் அதிவேகப் பாதைகளைப் பற்றி இந்தியாவில் இப்போது நிறையப் பேசப்படுகிறது. மும்பை–அகமதாபாத் பாதையில் வேலை நடக்கிறது. தெற்கே சென்னை–பெங்களூரு–மைசூரு என 435 கிலோமீட்டருக்கு ஒரு வழித்தடம் திட்டப் பட்டியலில் இருக்கிறது. தமிழக அரசும் 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் மண்டல ரயில்களுக்கு மூன்று தடங்களில் சாத்தியக்கூறு ஆய்வு செய்வதாக அறிவித்தது. அவற்றில் ஒன்று சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரை, 167 கிலோமீட்டர். அந்த அறிவிப்பு வந்த நாளிலிருந்து கடலூர் டீக்கடைகளில் ஒரே கேள்விதான்: "அப்படியே நம்ம ஊருக்கும், சிதம்பரத்துக்கும் நீட்டினா என்ன?"

நியாயமான கேள்வி. ஆனால் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதிவேகப் பாதை எதற்காகப் போடப்படுகிறது, என்ன செலவு, எந்த மண்ணில் நிற்கும், யாருடைய நிலம் போகும், கடைசியில் எந்த ஊரில் வண்டி நிற்கும் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். இதில் கடைசிக் கேள்விதான் எங்கள் ஊர்களின் தலையெழுத்தை முன்பே ஒருமுறை மாற்றியது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1874இல் உருவானது. சென்னையிலிருந்து விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை), கும்பகோணம் வழியாகத் தஞ்சைக்கு அது போட்ட மீட்டர்கேஜ் பாதை 1870களின் பிற்பகுதியில் பகுதி பகுதியாகத் திறந்தது. இன்றும் அதற்குப் பெயர் மெயின் லைன். துறைமுகமும் கரும்பும் கோயில் நகரங்களும் காவிரிப் படுகை நெல்லும் இருந்த இடம் இதுதான். பாதை இவ்வழியே போனதில் வியப்பில்லை. 1927க்கும் 1929க்கும் இடையில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்கு ஒரு குறுக்குப் பாதை திறக்கப்பட்டது. ஊரார் வாயில் அது கார்டு லைன். சென்னை–திருச்சித் தூரம் அதனால் அறுபது கிலோமீட்டருக்கு மேல் குறைந்தது. பொறியியல் கணக்கில் யாரும் குறை சொல்ல முடியாத முடிவு அது. ஆனால் அன்றுமுதல் வேகமான வண்டிகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போய்விட்டன. மெயின் லைனுக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மேம்பாடும் கார்டு லைனுக்கு முதலிலும் மெயின் லைனுக்குப் பின்னாலும்தான் வந்திருக்கிறது. விழுப்புரம்–மயிலாடுதுறை 122 கிலோமீட்டர் அகலப்பாதையாகி மீண்டும் திறந்தது 2010இல். வேலை நடந்த மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட காலம் கடலூர், சிதம்பரம், சீர்காழி மக்களுக்கு இந்தப் பாதையில் ரயிலே இல்லை. மின்மயமாக்கலும் அப்படித்தான், தாமதமாக வந்தது. கார்டு லைன் இரட்டைப் பாதையாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. விழுப்புரத்திலிருந்து தஞ்சை வரையான 190 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மெயின் லைன் இன்னும் ஒற்றைப் பாதை. 2023 செப்டம்பரில் தொடங்கிய சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள் நெல்லையை அடைகிறது, விருத்தாசலம் வழியாக.

ஒற்றைப் பாதை என்றால் என்ன என்பது இங்கே ஏறுகிறவர்களுக்குத் தெரியும். ஆலப்பாக்கத்திலோ புதுச்சத்திரத்திலோ பரங்கிப்பேட்டையிலோ கிள்ளையிலோ வண்டி நின்றுவிடும். எதிர்வண்டி வர வேண்டும். "கிராசிங்" என்று ஒரே சொல்லில் பதில் வரும். பத்து நிமிடம் நிற்கலாம், அரை மணியும் ஆகலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தினமும் போய்வரும் மாணவர்கள், மீன்கூடையோடு ஏறும் பெண்கள், ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் வரும் கூட்டம், எல்லாருடைய நேரமும் அந்தக் கிராசிங்கில் கரைகிறது. இஞ்சின் எவ்வளவு வேகமாக ஓடவல்லது என்பதற்கும் ஒரு ஊரை எத்தனை மணி நேரத்தில் அடைகிறோம் என்பதற்கும் இங்கே அவ்வளவாகத் தொடர்பில்லை. சென்னை எழும்பூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 245 கிலோமீட்டர். விரைவு வண்டியிலேயே நான்கு மணி நேரத்துக்கு முன்பின் ஆகிறது.

அதிவேக ரயிலின் கதையைத் தொடங்கிய ஜப்பானுக்கும் இதே நெரிசல்தான் காரணமாக இருந்தது என்பது பலருக்கும் தெரியாது. தோக்கியோ–ஒசாக்கா ஷின்கான்சென் 1964 அக்டோபர் 1இல் ஓடத் தொடங்கியபோது உலகம் அதன் 210 கிலோமீட்டர் வேகத்தைத்தான் பார்த்தது. ஆனால் அந்தப் பாதை பிறந்ததற்குக் காரணம், பழைய தொக்கைடோ குறும்பாதையில் இன்னொரு வண்டியை நுழைக்க இடமில்லாமல் போனதுதான். புதுப் பாதை போடுவதென்று முடிவான பிறகு, அதை வேகமாக ஓடும்படி போடலாம் என்று தீர்மானித்தார்கள். இந்த வரிசை முக்கியம். நெரிசல் முதலில், வேகம் அதன் பின்னால். எங்கெல்லாம் இந்த வரிசையில் திட்டம் போட்டார்களோ அங்கெல்லாம் வண்டிகள் நிரம்பி ஓடுகின்றன.

அந்த அளவுகோலை நம் வழித்தடத்தில் வைத்துப் பார்ப்போம். செங்கல்பட்டு–விழுப்புரம் இரட்டைப் பாதையில் தென்மாவட்டங்களுக்குப் போகும் ஏறக்குறைய எல்லா வண்டிகளும் சேர்ந்து நெருக்குகின்றன. கார்டு லைன், மெயின் லைன், புதுச்சேரி, திருவண்ணாமலை என்று வண்டிகள் பிரிவதே விழுப்புரத்துக்குப் பிறகுதான். அந்தப் பகுதிக்குப் புதிய பாதை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை வேகமான பாதையாகப் போடுவதும் சரியே. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் இடையே ஒரு பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. தென்மாவட்டங்களின் ரயில் போக்குவரத்தே திணறியது. பல வண்டிகள் ரத்தாயின, சில சுற்றுவழியில் போயின. கோடிக்கணக்கான மக்கள் ஒரே ஒரு வழியை நம்பியிருக்கிறோம் என்பதை அந்த ஒரு பாலம் காட்டிக்கொடுத்தது.

கடலூர்–சிதம்பரம் பகுதியின் கணக்கு வேறு. கடலூர் துறைமுகச் சந்திப்பிலிருந்து சிதம்பரம் 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைத்த வண்டி அந்த வேகத்தைத் தொடவே பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். நிற்கவும் அதேபோல் பல கிலோமீட்டர் முன்பே பிரேக் போட வேண்டும். இரண்டு ஊரிலும் நின்று போகும் வண்டி உச்ச வேகத்தில் ஓடுவது சில நிமிடம்தான். நான் போட்டுப் பார்த்த கணக்கில் இந்தத் தூரத்துக்குச் சுமார் 13 நிமிடம் வருகிறது. கிராசிங் இல்லாத இரட்டைப் பாதையில் 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் சாதாரண மின்சார வண்டிக்கு 20, 21 நிமிடம். மிச்சம் ஏழெட்டு நிமிடம்.

அந்த ஏழெட்டு நிமிடத்தின் விலை என்ன? மும்பை–அகமதாபாத் 508 கிலோமீட்டருக்குப் போட்ட மதிப்பீடு 1,08,000 கோடி ரூபாய், அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 213 கோடி. 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியபோது சொன்ன கணக்கு அது. நிலம் எடுப்பதில் ஏற்பட்ட தாமதத்தால் செலவும் காலமும் ஏறிக்கொண்டே போயிருக்கின்றன. அந்தப் பழைய விலையிலேயே பார்த்தாலும் கடலூர்–சிதம்பரம் 40 கிலோமீட்டருக்கு 8,500 கோடி ஆகும். ஜப்பான் அந்தத் திட்டத்துக்கு 0.1 சதவீத வட்டியில் 50 ஆண்டுத் தவணையில் கடன் கொடுத்தது. அப்படியொரு கடன் எல்லா வழித்தடத்துக்கும் கிடைக்காது. சற்றுக் குறைந்த வேகம் என்றால் செலவும் குறையும் என்று நினைப்பவர்கள் டெல்லி–மீரட் நமோ பாரத் பாதையைப் பார்க்க வேண்டும். 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அந்த 82 கிலோமீட்டருக்குத் திட்ட மதிப்பு 30,274 கோடி. நகரத்துக்குள் சுரங்கமும் மேம்பாலமுமாகப் போவதால் கிலோமீட்டருக்கு அது புல்லட் ரயிலையும் மிஞ்சுகிறது. செலவைத் தீர்மானிப்பது வேகம் மட்டுமல்ல. பாதை எந்த இடத்தின் வழியே போகிறது என்பதும்தான்.

இந்த இடம் எப்படிப்பட்டது என்பதை நிதானமாகச் சொல்ல வேண்டும். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, உப்பனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று மேற்கிலிருந்து வரும் தண்ணீரெல்லாம் கடலைத் தேடி வந்து சேரும் சமதளம் இது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரம், கிள்ளைக்குக் கிழக்கே பிச்சாவரத்து அலையாத்திக் காடு. 2004இல் சுனாமி, 2011 டிசம்பரில் தானே புயல், 2015 நவம்பரில் பெருவெள்ளம், பிறகு ஃபெஞ்சல். எங்கள் மாவட்டத்தில் வயதைச் சொல்வதற்கே "தானேக்கு முன்னாடி, தானேக்கு அப்புறம்" என்று கணக்கு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே அதிவேகப் பாதையை மண்மேடு போட்டு உயர்த்தினால் அந்த மேடு வெள்ளத்துக்கு அணைக்கட்டாகிவிடும். மேற்கே இருக்கும் குறிஞ்சிப்பாடி, புவனகிரிப் பகுதி ஊர்கள் தண்ணீரில் நிற்கும். தூண்களின் மேல் கொண்டுபோனால் வெள்ளம் அடியில் ஓடும். ஆனால் வண்டல் மண்ணில் ஒவ்வொரு தூணுக்கும் ஆழமான அஸ்திவாரம் வேண்டும். 300 கிலோமீட்டர் வேகத்தில் தண்டவாளம் சில மில்லிமீட்டர் இறங்குவதைக்கூடப் பொறுக்க முடியாது. மும்பை–அகமதாபாத் பாதையின் பெரும்பகுதி தூண்களின் மேல்தான் போகிறது. வெள்ளக்காட்டில் பாதை போடுகிறவர்கள் அதிலிருந்து கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. எந்தப் புதுப் பாதை வந்தாலும், சாதாரண இரண்டாவது தண்டவாளமே ஆனாலும், மதகுகளின் எண்ணிக்கையையும் அகலத்தையும் 2015 வெள்ளத்தைக் கண்முன் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது நிலம். கடலூர் மாவட்டத்தில் "நில எடுப்பு" என்ற சொல்லை யாரும் சாதாரணமாகக் கேட்பதில்லை. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்காக 1950கள் தொட்டு நிலம் கொடுத்த ஊர்கள் இங்கே உண்டு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்க விரிவாக்கத்துக்குக் கால்வாய் வெட்ட, விளைந்துகொண்டிருந்த நெல்வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கியதைத் தமிழகமே பார்த்தது. சிதம்பரத்தைச் சுற்றியுள்ள காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்களும் 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குள் வருகின்றன. அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு போன்ற சில தொழில்களை. ரயில் பாதையை அல்ல. என்றாலும், அந்தச் சட்டம் வந்ததே இந்த மண் விவசாயத்துக்கு என்று மக்கள் சொன்னதால்தான். 2013 நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் ரயில்வேக்கும் பொருந்தும். கிராமப்புறத்தில் சந்தை மதிப்பைப் போல நான்கு மடங்கு வரை கிடைக்கலாம். ஆனால் சந்தை மதிப்பு என்று அரசு எடுத்துக்கொள்வது பத்திரத்தில் பதிந்த விலையை. உண்மையில் கைமாறிய விலை எவ்வளவு என்பது விற்றவருக்கும் வாங்கியவருக்கும்தான் தெரியும்.

கேரளத்தின் அனுபவம் இதைவிடக் கூர்மையானது. காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை 530 கிலோமீட்டருக்கு 63,941 கோடியில் சில்வர்லைன் என்ற திட்டம். 2022இல் அளவைக்காக நட்ட மஞ்சள் கற்களை மக்கள் பிடுங்கி எறிந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் நில எடுப்புக்கு நியமித்த அதிகாரிகளை அரசே திரும்ப அழைத்துக்கொண்டது. நிலம் ஒரு காரணம். பாதையின் அகலம் இன்னொன்று. சில்வர்லைன் 1,435 மில்லிமீட்டர் ஸ்டாண்டர்டு கேஜில் திட்டமிடப்பட்டது. இந்திய ரயில்வேயின் அகலப்பாதை 1,676. இரண்டும் சேராது. டெல்லி மெட்ரோவைக் கட்டிய இ. ஸ்ரீதரனே அந்தத் திட்டத்தை எதிர்த்தார். நமோ பாரத்தும் ஸ்டாண்டர்டு கேஜ்தான். சென்னை–விழுப்புரம் பாதையும் அதே அகலத்தில் அமைந்தால், அந்த வண்டி விழுப்புரத்தைத் தாண்டி மெயின் லைனில் ஓரடிகூட வைக்க முடியாது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போகிறவர் பெட்டி படுக்கையோடு இறங்கி வண்டி மாற வேண்டும். சென்னையிலிருந்து ஒன்றேகால் மணியில் விழுப்புரம் வந்து, அங்கே முக்கால் மணி காத்திருந்தால் வேகத்தால் யாருக்கு என்ன லாபம்? எங்கள் ஊர்க்காரர்கள் இப்போதே, ஆய்வு நடக்கும்போதே எழுப்ப வேண்டிய கேள்வி இது. கான்கிரீட் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

நடுவழி ஊர்களுக்கு அதிவேகப் பாதையால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்பெயினில் 1992இல் மாட்ரிட்–செவில்லே பாதை திறந்தபோது, இடையில் இருந்த சியுதாத் ரியல் என்ற சிறு நகரத்தில் வண்டி நின்றது. ஒரு மணி நேரத்துக்குள் தலைநகரை அடைய முடிந்ததால் மக்கள் அங்கே குடியிருந்துகொண்டே மாட்ரிட்டில் வேலைக்குப் போனார்கள், ஊர் வளர்ந்தது. பிரான்சில் இதற்கு நேர்மாறாக நடந்தது. பாரிசுக்கு வடக்கே போட்ட அதிவேகப் பாதையில், ஆமியேன், சாங்–கான்தாங் என்ற இரண்டு ஊர்களுக்கும் போகாமல் நடுவே வெட்டவெளியில் ஒரு நிலையத்தைக் கட்டினார்கள். சுற்றிலும் சர்க்கரைக் கிழங்கு வயல். ஊரார் அதற்குக் கிழங்கு நிலையம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சியுதாத் ரியலுக்கு வாழ்வு வந்ததற்குக் காரணம் நிலையம் ஊரோடு ஒட்டி இருந்ததும், தலைநகரத்துக்குப் போய்வரும்படி கட்டணமும் நேரமும் அமைந்ததும்தான். நேர்கோட்டைத் தேடும் அதிவேகப் பாதை ஒன்று நெல்லிக்குப்பத்துக்கு வெளியே கரும்புத் தோட்டத்தின் நடுவில் "கடலூர்" என்று பலகை மாட்டி நின்றால், நமக்குக் கிடைப்பது பிரான்சின் கதைதான். கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் இந்த வண்டி நிற்குமா, அந்த வண்டி நிற்குமா என்று ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்தே பழகிய ஊர் எங்களுடையது. நிற்காத வண்டியால் ஒரு ஊருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை என்பதை இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியென்றால் வேண்டியது என்ன? பதில் புதியதல்ல. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு 179 கிலோமீட்டர் புதிய அகலப்பாதை 2008–09 ரயில்வே நிதிநிலையிலேயே ஏற்கப்பட்டது. அன்றைய மதிப்பு 523 கோடி. கிழக்குக் கடற்கரை ரயில் பாதை என்று நாம் சொல்வது இதைத்தான். அதன் பிறகு பெயருக்கு ஒதுக்கீடு, மறு மதிப்பீடு, வழித்தட மாற்றம் என்றே ஆண்டுகள் போய்விட்டன. இன்று 130, 160 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்றபடி வளைவுகளைக் குறைத்து இதே பாதையைப் போட்டால், சென்னை–கடலூர் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். செங்கல்பட்டு–விழுப்புரம் நெரிசலுக்கு மாற்றுவழியும் இதுவே. மேற்கே ஒரு பாலம் மூழ்கினால் கிழக்கே வண்டி ஓடும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 22 கிலோமீட்டரும் இதற்குள் அடக்கம். அகலப்பாதையே என்பதால் அந்த வண்டி கடலூரோடு முடிந்துவிடாமல் சிதம்பரம், மயிலாடுதுறை, காரைக்குடி வரை அப்படியே போகலாம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலத்தோடு தொடங்கிய தாம்பரம்–ராமேசுவரம் வண்டி கடலூர், சிதம்பரம் வழியாகத்தான் போகிறது. மறந்துபோன கரையோர வழிக்குத் தேவை இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: விழுப்புரம்–மயிலாடுதுறை–தஞ்சை இரட்டைப் பாதை. பெரும்பகுதி நிலம் ரயில்வேயிடமே இருக்கும் வழி இது; புதுப் பாதைக்கு வேண்டியதில் சிறு பங்கு நிலம்தான் புதிதாக எடுக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைப் பாதையைக் கடலூர் வரை கொண்டுவந்து அங்கே ஒற்றைப் பாதையில் முட்டவிட்டால், சென்னையில் மிச்சப்படுத்திய நேரத்தை ஆலப்பாக்கத்துக் கிராசிங்கில் தொலைப்போம். ஆகவே முதலில் இரட்டைப் பாதை, அதோடு சேர்த்துப் புதுச்சேரி–கடலூர் இணைப்பு, பிறகு சென்னை வரை முழுக் கடற்கரைப் பாதை. 300 கிலோமீட்டர் வேகம் சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே வரட்டும். அங்கே தூரமும் பயணிகளும் அதற்கு ஈடுகொடுக்கும். கடலூரும் சிதம்பரமும் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

நாடாளுமன்ற உறுப்பினரோ ரயில்வே மேலாளரோ அடுத்த முறை ஊருக்கு வரும்போது, புல்லட் ரயில் எப்போது வரும் என்று கேட்காதீர்கள். விழுப்புரம்–மயிலாடுதுறை இரண்டாவது தண்டவாளத்துக்கு எந்த ஆண்டு நிதிநிலையில் எவ்வளவு பணம் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.